கல்லூரி வானொலியில் வாராந்தர ஜாஸ் நிகழ்ச்சி: இரண்டு மணி நேரத்தைக் கட்டமைப்பது எப்படி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் எஃப்.எம். நிலையம் ஒன்று உண்டு. அலைவரிசை பெரும்பாலும் 88-க்கும் 92-க்கும் நடுவில் இருக்கும். வணிகமல்லாத ஒலிபரப்புக்கென்றே அந்நாட்டில் ஒதுக்கிவைத்த பகுதி அது. வணிக நிலையங்கள் ஜாஸை எப்போதோ கைகழுவிவிட்டன. அந்த இசை இன்னும் காற்றலையில் கேட்கிறதென்றால் அதில் இந்த மாணவர் நிலையங்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். (89.9) இதற்கு நல்ல முன்மாதிரி. மாணவராக இருந்தபோதே 1970-இல் அங்கே ஒலிபரப்பத் தொடங்கிய ஃபில் ஷாப், சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் ஒருவருக்காகவே 1981-இல் ஒரு காலை நிகழ்ச்சியைத் தொடங்கி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடத்தினார்.

அவ்வளவு ஞானம் முதல் வாரத்திலேயே யாருக்கும் வாய்க்காது, தேவையும் இல்லை. நேரக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும். ஒவ்வொரு டிராக்கிலும் யார் எதை வாசித்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நிகழ்ச்சி நிற்கும். வாரம் ஒருமுறை, 2 மணி நேரம், நேரடி ஒலிபரப்பு என்று வைத்துக்கொண்டு கீழே சொல்லியிருக்கிறோம்.

நேரம் கேட்டு வாங்குவது

செமஸ்டர் தொடங்கியதும் நிலையம் புதியவர்களுக்கான கூட்டம் ஒன்றை நடத்தும். அதைத் தவறவிட்டால் அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டியதுதான். கன்சோல் (ஒலிகளைக் கலந்து அனுப்பும் பலகை) பயிற்சி, ஒலிபரப்பு விதிகள் பற்றிய சின்னத் தேர்வு, நிகழ்ச்சி நடத்தும் ஒருவர் பக்கத்தில் சில வாரம் உட்கார்ந்து பார்ப்பது, ஒரு மாதிரிப் பதிவு. நிலையத்துக்கு நிலையம் வரிசை மாறினாலும் உள்ளடக்கம் இதுதான்.

விண்ணப்பத்தில் "எல்லா வகை ஜாஸும் போடுவேன்" என்று எழுதாதீர்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. "1955 முதல் 1965 வரையிலான சிறு குழுக்கள், வாரம் ஒரு பக்கவாத்தியக் கலைஞர், நடுவில் இருபது நிமிடம் புது வெளியீடுகள்" என்று எழுதுங்கள். புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பின்னிரவு 2 மணி முதல் 4 வரை. வாங்கிக்கொள்ளுங்கள். தடுமாறிப் பழக அதைவிட நல்ல நேரம் கிடையாது, ஜாஸ் கேட்பவர்களில் இரவு விழித்திருப்பவர்களும் குறைவில்லை.

மீறினால் நிலையத்துக்கே வினையாகும் விதிகள்

எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தொடர்பு ஆணையத்தின் விதிகளில் உங்கள் கைக்கு நேரடியாக வருபவை நான்கைந்துதான்.

நிலைய அடையாளம்: ஒவ்வொரு மணியும் திரும்பும் இடத்தையொட்டி, இயல்பான இடைவெளியில் சொல்ல வேண்டும். அழைப்பெழுத்துகள் (டபிள்யூ.கே.சி.ஆர். போன்றவை), உடனே அடுத்தாற்போல் உரிமம் பெற்ற ஊரின் பெயர். நிலையத்தின் செல்லப்பெயரை இரண்டுக்கும் நடுவில் செருகினால் அது சட்டப்படியான அடையாளம் ஆகாது. ஜாஸில் இது தனித் தலைவலி, ஏனென்றால் டிராக்குகள் நீளம். 8:50-க்கு ஒரு 18 நிமிட டிராக்கைத் தொடங்கினால் 9 மணி அதற்குள் மூழ்கிவிடும். 57-ஆவது நிமிடத்துக்கும் அடுத்த மணியின் 3-ஆவது நிமிடத்துக்கும் இடையில் ஒரு பேச்சு இடைவெளி விழும்படி முன்பே திட்டமிடுங்கள்.

சொற்கள்: காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசமான, கொச்சையான பேச்சு கூடாது. ஜாஸில் இதற்கு என்ன வேலை என்று அசட்டையாக இருக்க வேண்டாம். புது ஆல்பங்களில் ராப்பும் கவிதை வாசிப்பும் சகஜம். நேரடிப் பதிவுகளில் மேடைப் பேச்சு வரும். முழுதாகக் கேட்காத எதையும் பகலில் போடாதீர்கள்.

அண்டர்ரைட்டிங் (நிலையத்துக்குப் பண ஆதரவு தருபவரை அறிவிப்பது): ஆதரவளிக்கும் கடையின் பெயர், இடம், செய்யும் தொழில் இவற்றைச் சொல்லலாம். விலை, "சிறந்த" என்ற அடைமொழி, "இன்றே வாருங்கள்" என்ற அழைப்பு மூன்றும் கூடாது. எழுதித் தந்ததை அப்படியே படியுங்கள், சொந்தச் சரக்கு சேர்க்காதீர்கள். கச்சேரி அறிவிப்புகளுக்கும் பல நிலையங்கள் இதே கட்டுப்பாட்டை வைத்திருக்கின்றன. "வெள்ளிக்கிழமை இன்ன கிளப்பில் இன்னார் குழு, இரவு 8 மணி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "20 டாலர்தான், விட்டுடாதீங்க" என்று நீட்டினால்தான் சிக்கல்.

தொலைபேசியில் வருபவரின் குரலை ஒலிபரப்பப் போகிறீர்கள் என்றால் அதை அவரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். ஒரு பாட்டைப் போடுவதற்காகப் பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு அதை மறைப்பது குற்றம்.

நிலையம் இணையத்திலும் ஒலிபரப்பினால் இன்னொரு கணக்கும் சேரும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தரும் பொது உரிமத்தின்படி, எந்த 3 மணி நேரத்திலும் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்றுக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ச்சியாக இரண்டுதான். ஒரே முதன்மைக் கலைஞருடையது நான்குக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக மூன்றுதான். எந்தெந்த டிராக் வரப்போகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிடவும் கூடாது. சமூக ஊடகத்தில் "இந்த வாரம் பால் சேம்பர்ஸ்" என்று போடலாம். வரிசையை அப்படியே படம்பிடித்துப் போடக் கூடாது.

கருப்பொருள்: பக்கவாத்தியத்தைப் பிடியுங்கள்

முதலில் எல்லோரும் யோசிப்பது "மைல்ஸ் டேவிஸ் ஸ்பெஷல்". மேலே சொன்ன கணக்கில் அது நாலாவது டிராக்கிலேயே முட்டி நின்றுவிடும். பக்கவாத்தியக்காரர் ஒருவரை நடுவில் வைத்தால் அந்தச் சிக்கலே எழாது, ஏனென்றால் விதி எண்ணுவது ஆல்பத்தின் முதன்மைக் கலைஞரை மட்டும்தான். பேஸ் வாசிப்பவரையோ டிரம்ஸ் வாசிப்பவரையோ அது கணக்கில் எடுப்பதில்லை.

இதில் சட்ட வசதியைவிடப் பெரிய லாபம் ஒன்றும் உண்டு. கர்நாடக சங்கீத ரசிகர் பாலக்காடு மணி ஐயரைப் பின்தொடர்ந்து போனால் வழியில் எத்தனையோ பாடகர்களைக் கேட்டுவிடுவாரல்லவா, அதே வழி இங்கும் செல்லும். பக்கவாத்தியத்தைப் பிடித்தால் குழுத் தலைவர்கள் மாறிக்கொண்டே வருவார்கள், நிகழ்ச்சிக்குத் தானாக வண்ணம் கூடும். ஒவ்வொரு முறை பேசும்போதும் சொல்ல ஒரு விஷயமும் இருக்கும்: அதே ஆள், வேறு குழு, என்ன மாறியது?

பால் சேம்பர்ஸை எடுத்துக்கொள்வோம். 1935-இல் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்த பேஸ் கலைஞர்; 1969-இல், 33 வயதில் மறைந்தார். அதற்குள் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ், சாக்ஸபோன் கலைஞர்கள் கோல்ட்ரேன், சன்னி ராலின்ஸ், ஹேங்க் மோப்லி என்று அந்தக் காலத்தின் முக்கியமான ஆல்பங்கள் பலவற்றில் அவர் கை இருக்கிறது. டிரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ், பியானோ டாமி ஃப்ளானகன், பேஸ் ரான் கார்ட்டர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ் என்று இதே முறையில் ஒரு செமஸ்டரை ஓட்டிவிடலாம்.

வேறு கோணங்களும் உண்டு. ஒரே பாட்டின் ஐந்து வடிவங்கள்; ஒரே ஒலிப்பதிவுக் கூடம் (ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் 1959 வரை நியூஜெர்சியின் ஹேக்கன்ஸாக்கில் தன் பெற்றோர் வீட்டு முன்னறையில் பதிவு செய்தார், பிறகு எங்கிள்வுட் கிளிஃப்ஸில் கூடம் கட்டினார்; இரண்டின் ஒலியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம்). தமிழ் ரசிகருக்கு இயல்பாக அமையும் வாரமும் ஒன்று இருக்கிறது. ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன், ராம்நாட் ராகவன் சேர்ந்த 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம் 1975-இல் லாங் ஐலண்டின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் மேடையிலேயே பதிவானது. அங்கிருந்து, தமிழ்ப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் 1971-இல் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயருக்கு வரலாம். கிடார் பிரசன்னாவும் தப்லா நிதின் மித்தாவும் சேர்ந்து அவர் வெளியிட்ட 'தீர்த்தா' 2011-இல் வந்தது. பிறந்தநாள் வாரங்களும் கைகொடுக்கும், ஆனால் தேதியைச் சரிபாருங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் தான் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே சொல்லிவந்தார். ஞானஸ்நானப் பதிவு 1901 ஆகஸ்ட் 4 என்கிறது. டபிள்யூ.கே.சி.ஆர். இரண்டு நாளையும் கொண்டாடிவிடுகிறது.

120 நிமிடத்தைப் பிரிப்பது

பேச்சு, அடையாளம், பொதுநல அறிவிப்பு, அண்டர்ரைட்டிங் எல்லாம் சேர்ந்து 18 நிமிடம் ஆகும். இசைக்கு மிஞ்சுவது 100 நிமிடத்துக்குச் சற்று மேல். ஜாஸ் டிராக் ஒன்றுக்குச் சராசரி 7 நிமிடம் என்றால் 14 டிராக். கையில் 20 இருக்கட்டும். இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாமல் ஓட்டாதீர்கள். நடுவில் வந்து சேரும் நேயருக்கு எதைக் கேட்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

சேம்பர்ஸ் நிகழ்ச்சி இரவு 8 மணிக்கு என்றால் ஓட்டம் இப்படி அமையும். நிமிடங்கள் தோராயமானவை, உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் நீளத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

8:00 – அடையாளம், முன்னுரை
8:02 – சேம்பர்ஸின் சொந்த ஆல்பத்திலிருந்து 'யெஸ்டர்டேஸ்' (1957, வில்லால் வாசித்தது) 6, ஹேங்க் மோப்லியின் 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ' (1960) 6½, ஆர்ட் பெப்பரின் 'யூட் பி ஸோ நைஸ் டு கம் ஹோம் டு' (1957) 5½
8:20 – பேச்சு
8:23 – கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெய்ன்' (1957) 10¾. கென்னி டோரமின் 'லோட்டஸ் பிளாசம்' (1959) 4¾
8:38½ – பேச்சு, பொதுநல அறிவிப்பு, அண்டர்ரைட்டிங்
8:42 – ஆலிவர் நெல்சனின் 'ஸ்டோலன் மொமெண்ட்ஸ்' (1961) 8¾. வின்டன் கெல்லி டிரையோவின் 'சாஃப்ட்லி, ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' (1959) 7½
8:58¼ – பேச்சு, 9 மணி அடையாளம்
9:02 – புது வெளியீடுகள் மூன்று, மொத்தம் 20
9:22 – பேச்சு
9:25 – சன்னி ராலின்ஸின் 'டெனர் மேட்னஸ்' (1956) 12¼. மைல்ஸின் 'ஸோ வாட்' (1959) 9½
9:46¾ – பேச்சு
9:48 – டியூக் எலிங்டன் குழுவின் 'ஜாக் தி பேர்' (1940) 3¼
9:51¼ – விடைபெறுதல்
9:52 – கோல்ட்ரேனின் 'மிஸ்டர் பி.சி.' (1959) 7
9:59 – அடையாளம், அடுத்தவரிடம் ஒப்படைப்பு

இந்த வரிசைக்குப் பின்னால் சில தீர்மானங்கள் இருக்கின்றன. புது டிராக்குகள் நீங்கலாக எல்லாவற்றிலும், 1940-ஐச் சேர்ந்த ஒன்றைத் தவிர, பேஸ் சேம்பர்ஸ்தான். ஆனாலும் முதன்மைக் கலைஞராக அவர் பெயர் ஒரே தடவை வருகிறது, கோல்ட்ரேன் இரண்டு தடவை. 'டெனர் மேட்னஸ்' ராலின்ஸும் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்த ஒரே ஒலிப்பதிவு. அதற்குமுன் பேசும்போது முதலில் வாசிப்பவர் யார் என்று சொல்லிவைத்தால் நேயர் இருவரையும் பிரித்துக் கேட்பார். 'மிஸ்டர் பி.சி.' சேம்பர்ஸின் பெயரில் கோல்ட்ரேன் எழுதியது என்பதால் கடைசி இடம் அதற்கு.

முக்கியமானது அந்த 1940 டிராக். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். லாங் பிளே தட்டு வந்தது 1948-இல். ஆகவே அதற்கு முந்தைய ஜாஸ் ஏறக்குறைய எல்லாமே மூன்று நிமிட அளவில் இருக்கிறது. நிகழ்ச்சி நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதைவிட நல்ல சில்லறை கிடையாது. 9:48-க்குப் பதில் 9:51 ஆகிவிட்டதா, 'ஜாக் தி பேர்' போகட்டும். நேரம் மிஞ்சுகிறதா, அதே ஆண்டில் எலிங்டனும் பேஸ் கலைஞர் ஜிம்மி பிளாண்டனும் இருவர் மட்டுமாக வாசித்த ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பிளாண்டன் வழியில் வந்தவர்தான் சேம்பர்ஸ் என்பதால் கருப்பொருளும் கெடாது.

கடைசி டிராக்கின் தொடக்க நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். 9:59-க்கு முடிய வேண்டும், நீளம் 7 என்றால் 9:52-க்கு அது தொடங்கியே ஆக வேண்டும். இந்த ஒரு நேரத்தை மட்டும் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள். மற்றவை ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் பாதகமில்லை.

தகவல் திரட்டுவது

ஜாஸ் நேயர் எதிர்பார்ப்பது பேக் அனௌன்ஸ், அதாவது டிராக் முடிந்தபின் வரும் விவரம். தலைவர், மற்ற ஊதுவாத்தியங்கள், பியானோ, பேஸ், டிரம்ஸ், ஆல்பம், லேபிள் (வெளியிட்ட நிறுவனம்), பதிவான ஆண்டு. இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் நாக்கு தானாகப் பழகிவிடும். மூன்று டிராக் போட்டிருந்தால் கடைசியில் முடிந்ததிலிருந்து பின்னோக்கிப் போங்கள். காதில் இன்னும் நிற்பது அதுதான். பெரிய பேண்ட் என்றால் பதினாறு பேரையும் ஒப்பிக்க வேண்டாம், தனி வாசித்தவர்கள் போதும்.

ஒரு டிராக்குக்கு ஒரு அட்டை. அதில் மேற்படி விவரங்களோடு, கேட்டு நீங்களே குறித்த ஒரே ஒரு வரி: "4-ஆவது நிமிடத்தில் பேஸ் தனி, வில்லோடு." இணையத்தில் கிடைக்கும் வாழ்க்கைக் குறிப்பைப் படித்துக் காட்டுவது யாருக்கும் பயனில்லை, அதை நேயரே படித்துக்கொள்வார். எங்கே காது கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது ஆண்டில்தான். கணினிக் கோப்பில் தெரியும் ஆண்டு பெரும்பாலும் மறுபதிப்பு வந்த ஆண்டு. 'ப்ளூ டிரெய்ன்' 2003 என்று காட்டினால் அதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். பதிவானது 1957 செப்டம்பரில். குறுந்தட்டு மறுபதிப்புகளில் மாற்று டேக்குகள் (அதே பாட்டை வேறொரு முறை வாசித்த பதிவுகள்) கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதே பெயரில். வேறு டேக் ஓடிக்கொண்டிருக்க, ஆல்பத்தில் வந்ததன் தனியைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். பெயர்களிலும் பொறி உண்டு: 1953-இல் டொராண்டோவின் மாஸி ஹாலில் வாசித்த 'சார்லி சான்' வேறு யாருமல்ல, ஒப்பந்தச் சிக்கலால் பெயர் மாற்றிக்கொண்ட சார்லி பார்க்கர்.

உச்சரிப்பை அட்டையில் தமிழிலேயே எழுதிவைக்கலாம். ஸிட்னி பெஷே, பிக்ஸ் பைடர்பெக், ஜாங்கோ ரைன்ஹார்ட். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் இந்த மூன்றிலும் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம்.

புது வெளியீடுகளுக்கு நிலையத்தின் இசைப் பொறுப்பாளரிடம் போங்கள். லேபிள்களிடமிருந்து வந்து குவிந்திருக்கும். வாரம் பத்து ஆல்பம் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று டிராக்கின் முதல் இரண்டு நிமிடத்தையும் நடுவில் ஒரு நிமிடத்தையும் கேளுங்கள். மூன்று தேறினால் போதும். தேறியவற்றை மட்டும் முழுதாகக் கேளுங்கள். உங்கள் ஊரில் வாசிக்கும் குழு ஏதாவது இருந்தால் அதற்கு எப்போதும் முன்னுரிமை.

கோப்பும் தட்டும்

ஸ்பாட்டிஃபை, யூடியூப் கூடாது. அவற்றின் பயன்பாட்டு விதி ஒலிபரப்பை அனுமதிப்பதில்லை, நடுவில் விளம்பரம் வரலாம், இணையம் அறுந்தால் அம்போ. விலைக்கு வாங்கிய வேவ் அல்லது ஃப்ளாக் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு, 01, 02 என்று வரிசை எண் கொடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பென்டிரைவ் ஒன்று பையில் இருக்கட்டும். மடிக்கணினியைச் செருகினால் எல்லா அறிவிப்பு ஒலியையும் அணையுங்கள். பியானோ தனிக்கு நடுவே நண்பரின் வாட்ஸாப் செய்தி "டிங்" என்று விழுந்தால் அது ஊருக்கே கேட்கும்.

இசைத்தட்டு போடுவதென்றால் முதலில் சுற்று வேகத்தைப் பாருங்கள். ஒலித்தரத்துக்காக 45-இல் வெளியிட்ட ஜாஸ் மறுபதிப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றை 33-இல் ஓடவிட்டால் டெனர் சாக்ஸபோன் அதைவிடத் தாழ்ந்த பாரிட்டோனாக மாறி முனகும். கியூ செய்யும் முறை, அதாவது தொடங்கும் இடத்தில் தட்டைத் தயாராக நிறுத்துவது: கியூ ஒலிபெருக்கியில் (காற்றலையில் போகாமல் உங்களுக்கு மட்டும் கேட்பது) கேட்டபடி முதல் ஒலி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தட்டைக் கால் சுற்று பின்னுக்குத் திருப்பி நிறுத்துங்கள். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 போன்ற நேரடி இயக்க டர்ன்டேபிளுக்குக் கால் சுற்று தாராளம். பெல்ட் வைத்தவற்றுக்கு அரைச் சுற்றோ அதற்கு மேலோ வேண்டும். பின்னுக்குத் திருப்பாமல் போட்டால் வேகம் பிடிக்கும்வரை "வ்வூப்" என்று இழுக்கும்.

கன்சோலில்

அரை மணி முன்பே போய்விடுங்கள். மைக் எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்.இ. 20 ஆகவோ ஷூர் எஸ்.எம். 7பி ஆகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு விரல் அகலம் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக வையுங்கள். ப, ப்ளூ, பேஸ் என்று காற்று அடிக்கும் சொற்கள் இந்த நிகழ்ச்சியில் ஏராளம். டிஜிட்டல் மீட்டர் என்றால் குரலின் உச்சம் -12-க்கும் -6-க்கும் இடையில் ஆடட்டும். ஹெட்ஃபோனைக் கழற்றாதீர்கள், மைக் திறந்ததும் அறை ஒலிபெருக்கி தானாக ஊமையாகிவிடும், காதில் மாட்டாவிட்டால் எதுவும் கேட்காது.

பழைய ஸ்டீரியோ ஜாஸில் சாக்ஸபோன் முழுக்க இடப்பக்கமும் டிரம்ஸ் முழுக்க வலப்பக்கமும் பிரிந்து கிடக்கும். கேபிளில் ஒரு பக்கம் செத்திருந்தால் ராக் பாட்டில் ஒலி குறைந்ததுபோல் தோன்றும். இங்கே சாக்ஸபோனையே காணோம் என்றாகிவிடும். தொடங்குமுன் இரண்டு மீட்டரும் ஆடுகின்றனவா என்று பாருங்கள்.

ஒலி அளவில் ஜாஸ் முரட்டுத்தனமானது. 'ஸோ வாட்' தொடக்கத்தைக் கேளுங்கள். பியானோவும் பேஸும் மட்டும், தாளம் இல்லாமல், மிக மெதுவாக அரை நிமிடம். மீட்டர் அசையவே அசையாது. பயந்து, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றினால், மைல்ஸ் தனியைத் தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காப் சிம்பலை அடிப்பார், மீட்டர் சிவப்பில் போய் முட்டும். டிராக்கின் சத்தமான இடத்தை முன்பே கியூவில் கேட்டு அதற்கு அளவு வைத்துவிட்டு, தொடக்கத்தை அப்படியே விடுங்கள். அந்த அரை நிமிடத்தின் மேல் பேசவும் பேசாதீர்கள். ('ஸோ வாட்' இடம்பெற்ற 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பக்கம் பல்லாண்டுகள் சுருதி சற்றுக் கூடுதலாகவே விற்கப்பட்டது, பதிவு நாடா ஓடிய வேகத்தில் பிழை. 1990-களின் மறுபதிப்புகளில் திருத்தினார்கள். பழைய தட்டைப் போட்டால் அதையும் சொல்லலாம்.)

ஒரு பேச்சு இடைவெளியின் கை வேலை:

1. டிராக் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அடுத்ததைக் கியூ செய்து, அட்டைகளை வரிசையாக வையுங்கள்.
2. கடைசிச் சுரம் முழுதாக அடங்கட்டும். சிம்பலின் வால் மறைந்தபின் ஒரு நொடி விட்டு மைக்.
3. ஓடி முடிந்த டிராக்கின் ஃபேடரை உடனே மூடுங்கள். மூடாவிட்டால் ஆல்பத்தின் அடுத்த டிராக் உங்கள் பேச்சின் நடுவே கிளம்பிவிடும். அதிகம் நடக்கும் விபத்து இதுதான்.
4. பேசி முடித்து, அடுத்ததைத் தொடங்கி, ஒலி வருவதை மீட்டரில் பார்த்தபின் மைக்கை மூடுங்கள்.
5. பதிவேட்டில் அப்போதே எழுதுங்கள்.

நேரடிப் பதிவுகளில் கைதட்டல் அடுத்த டிராக்குக்குள் ஒழுகும். அது உச்சத்தைத் தொட்டுத் தணியும்போது ஐந்தாறு நொடியில் ஃபேடரை இறக்குங்கள். நேரமில்லாமல் நடுவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு தனியின் பாதியில் வெட்டாதீர்கள். ப்ளூஸ் என்றால் 12 பார், பாட்டு வடிவம் என்றால் பெரும்பாலும் 32 பார். எண்ணிக்கொண்டிருந்து, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் முனையில் இறக்குங்கள். தெரிந்த நேயர் இதைக் கவனிப்பார்.

நடுவில் கெடுபவை

டெட் ஏர் (காற்றலையில் ஒலியே இல்லாத நேரம்): பல நிலையங்களில் ஒலி நின்று சில நொடி கடந்தால் தானியங்கி இசை கிளம்பிவிடும். மிக மெல்லிய தொடக்கங்களையும் நீண்ட மௌனங்களையும் அந்தக் கருவி ஒலியின்மை என்றே எண்ணும். எத்தனை நொடி என்று பொறியாளரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். குறுந்தட்டு தாவினால் அடுத்த கருவியில் தயாராக வைத்திருக்கும் மூன்று நிமிட டிராக்கைக் கிளப்பிவிட்டுப் பிறகு யோசியுங்கள். தட்டைத் துடைத்து மறுபடி முயல்வதெல்லாம் காற்றலையில் வேண்டாம். அவசர எச்சரிக்கை அமைப்பின் வாராந்தரச் சோதனை உங்கள் நேரத்தில் குறுக்கிட்டால் தொடாதீர்கள். முடிந்ததும் பதிவேட்டில் நேரத்தை எழுதுங்கள். அடுத்தவர் வரவில்லையா? இருக்கை காலியாகக் கூடாது. மீதமிருக்கும் ஆறு டிராக்கை ஓட்டியபடி பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

முடிந்த பிறகு

ஸ்பினிட்ரான் போன்ற இணையப் பதிவேட்டில் கலைஞர், டிராக், ஆல்பம், லேபிள் நான்கும் நிரம்பியிருக்கின்றனவா என்று கிளம்புமுன் பாருங்கள். உரிமைத்தொகைக் கணக்கு அதிலிருந்துதான் போகிறது. கலைஞர் என்ற இடத்தில் ஆல்பத்தின் தலைவர் பெயர்தான் வர வேண்டும், தனி வாசித்தவர் பெயர் அல்ல.

நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து உங்கள் சொந்தக் கணக்கில் பாட்காஸ்டாக ஏற்றாதீர்கள். நேரடி ஒலிபரப்புக்கான உரிமம் அதற்குச் செல்லாது. வேண்டியபோது கேட்கும்படி வைக்கும் தொகுப்பு 5 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கவும் கூடாது. நிலையமே காப்பகம் நடத்தினால் அதன் இணைப்பைக் கொடுங்கள். உங்கள் பேச்சுப் பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து மறுநாள் ஒருமுறை கேளுங்கள். ஒரு இடைவெளி 3 நிமிடத்தைத் தாண்டியிருந்தால் எந்த வாக்கியத்தை நீக்கியிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரத்துக்கும் விடுமுறைக்குமாக ஒரு முழு நிகழ்ச்சியை முன்பதிவு செய்து வைத்திருங்கள். அதில் தேதி, வானிலை, கச்சேரி அறிவிப்பு எதுவும் வேண்டாம். அமெரிக்கப் பொது வானொலி வட்டாரத்தில் முன்பதிவுக்குக் கேட்கும் ஒலி அளவு -24 எல்.யூ.எஃப்.எஸ். (சராசரி ஒலியுரப்பின் அலகு); உங்கள் நிலையம் வேறு அளவு வைத்திருந்தால் அதன்படி செய்து, கோப்பின் பெயரிலேயே மொத்த நீளத்தையும் எழுதிவிடுங்கள்.